மாலை ஐந்தரை மணி அலாரம்: ஒரு விசா வழக்கும் மனநல மதிப்பீடும்

"கொஞ்சம் கூட்டி எழுதிக் குடுங்க மேடம், ஒரு குடும்பம் ஒண்ணு சேரட்டும்."

அம்மாப்பேட்டையிலிருந்து மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு சேலம் அஸ்தம்பட்டியில், மருத்துவ உளவியலாளரான என் அறைக்கு வந்த அந்த அம்மா, நாற்காலியில் உட்காரும் முன்பே சொன்னது இது. மகன் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே அமெரிக்கக் குடியேற்றத் துறை கூடுதல் ஆதாரம் கேட்டு அனுப்பிய நோட்டீஸ், வக்கீலின் மின்னஞ்சல், ஏற்கெனவே உள்ளூரில் வாங்கிய அரைப் பக்க சர்டிபிகேட். மருமகள் ஒன்றும் பேசவில்லை. அவர் மடியில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

இங்கே எழுதுவது ஒரே குடும்பத்தின் கதை அல்ல. ஒரே மாதிரி வந்த சில வழக்குகளைச் சேர்த்து, ஆளை அடையாளம் காண முடியாதபடி மாற்றியிருக்கிறேன். சட்டத்தையும் கேள்வித்தாளையும் மட்டும் மாற்றவில்லை.

கொள்ளி வைக்க வந்தவர்

மகன் எச்-1பி விசாவில் நியூஜெர்சியில் வேலை பார்த்தவர். வேலை போனது. அடுத்த கம்பெனி இதோ எடுத்துவிடும், அதோ எடுத்துவிடும் என்று காத்திருந்ததில், எதுவரை தங்கலாம் என்று ஐ-94 தாளில் போட்டிருந்த கடைசித் தேதியைத் தாண்டிப் பதினான்கு மாதம் ஓடிவிட்டது. அங்கேயே பிறந்து வளர்ந்த, ஆத்தூர்ப் பக்கத்துக் குடும்பத்துப் பெண்ணுடன் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். தேதி குறிப்பதற்குள் இங்கே அப்பா மாரடைப்பில் போய்விட்டார். ஒரே பையன். உடலை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டுச் சொந்தமெல்லாம் காத்திருந்தது. கிடைத்த ஃபிளைட்டில் ஏறி வந்து கொள்ளி வைத்தார்.

அந்தப் பயணம்தான் அவரை மாட்டிவிட்டது. 1996-இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டத் திருத்தப்படி, அனுமதிக் காலம் முடிந்தும் 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் 3 ஆண்டுத் தடை. ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் 10 ஆண்டு. தடை பிடிப்பது தங்கியிருக்கும்போது அல்ல, நாட்டை விட்டுக் கிளம்பும்போது. இதில் ஒரு கொடுமை உண்டு. முறையாக விசாவில் உள்ளே போனவர், அமெரிக்கக் குடிமகளைக் கல்யாணம் செய்துகொண்டால், காலம் கடந்து தங்கியிருந்தாலும் அங்கிருந்தபடியே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. இரண்டு மாதம் முன்னால் அங்கே ஒரு ரிஜிஸ்டர் கல்யாணம் முடித்து, அந்த மனுவும் முடியும்வரை அங்கேயே இருந்திருந்தால் இந்த ஃபைலே பிறந்திருக்காது. அப்பாவின் காரியத்துக்குப் போகாமல் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அம்மா இதை என்னிடம் மூன்று முறை சொன்னார், ஏதோ தான்தான் தப்பு செய்துவிட்டதுபோல.

வருடம் திரும்பியதும் சேலத்தில் கல்யாணம். பிரசவத்துக்கு மனைவி நியூஜெர்சி போனார், கணவரால் போக முடியவில்லை. கணவரைக் கூப்பிட்டுக்கொள்ள மனைவி போட்ட ஐ-130 மனு ஏற்கப்பட்டு, மும்பை தூதரகத்தில் நேர்காணலும் நடந்து, அங்கே 10 ஆண்டுத் தடையைக் காட்டி மறுத்துவிட்டார்கள். விலக்கு கேட்டு ஐ-601 படிவம் போடலாம் என்றார்கள். போட்டார்கள். அதற்குத்தான் இந்த நோட்டீஸ்.

எந்தத் துன்பம் செல்லும்

இந்த விலக்குக்கு, 'எக்ஸ்ட்ரீம் ஹார்ட்ஷிப்' என்று சட்டம் சொல்லும் அளவுக்குக் கடுமையான இன்னல் நேரும் என்று காட்ட வேண்டும். சும்மா பிரிவு, சும்மா பணக்கஷ்டம் என்றால் போதாது. பிரிந்தால் யாருக்கும் வருவதுதானே என்று தள்ளிவிடுவார்கள். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டுப் பார்ப்பார்கள்.

யாருக்கு இன்னல் என்பதில்தான் நம் ஊர்க்காரர்கள் ஏமாறுவது. தடைபட்டவரின் துன்பம் கணக்கில் இல்லை. அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வைத்திருக்கும் கணவன், மனைவி, அல்லது தடைபட்டவரின் பெற்றோர், இவர்களுடைய துன்பம் மட்டும்தான் செல்லும். பெற்ற குழந்தை அமெரிக்கக் குடிமகளாகவே இருந்தாலும், இந்த விலக்கில் குழந்தையின் துன்பம் நேராகச் செல்லாது. நியூஜெர்சியில் பார்க்கின்சன் நோயோடு இருக்கும் மனைவியுடைய அம்மாவின் துன்பமும் செல்லாது. அதெல்லாம் மனைவியை எப்படிப் பாதிக்கிறது என்று காட்டினால்தான் எண்ணிக்கையில் ஏறும். மேட்டூர்த் தண்ணீர் மாதிரி, எங்கிருந்து வந்தாலும் இந்த ஒரு மதகு வழியாகத்தான் வெளியே போக வேண்டும். சேலத்து அம்மாவுக்கு மதகே கிடையாது.

ஆகவே என் முன்னால் உட்கார்ந்திருந்த நான்கு பேரில், நான் மதிப்பிட வேண்டியது பேசாமல் இருந்த அந்த ஒருவரை மட்டும். கணவரையும் மாமியாரையும் வெளியே உட்காரச் சொன்னேன். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

அரைப் பக்க சர்டிபிகேட்

முதலில் வாங்கிய சர்டிபிகேட்டில் ஐந்து வரி. இவருக்கு மனச்சோர்வும் பேனிக் டிஸ்ஆர்டரும் (திடீர்ப் படபடப்பு நோய்) இருக்கிறது, கணவருடன் வசிப்பது அவசியம், கையெழுத்து, சீல். ஆபீசில் லீவு வாங்க இது தாராளம். குடியேற்ற அதிகாரி கேட்பது வேறு: எத்தனை முறை பார்த்தீர்கள், எவ்வளவு நேரம், எதை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள், முன்பு சிகிச்சை எடுத்த பதிவு உண்டா, இனிமேல் என்ன ஆகும் என்று எதைக்கொண்டு சொல்கிறீர்கள். நோட்டீஸ் கிட்டத்தட்ட இந்த வரிசையில்தான் இருந்தது. பதில் அனுப்ப 12 வாரம் கெடு. விதிப்படி அதற்கு மேல் நீட்டமாட்டார்கள். எங்களிடம் வந்தபோது மூன்று வாரம் போயிருந்தது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட்டேன். நான் மதிப்பிட்டால் சிகிச்சை தரமாட்டேன், சிகிச்சைக்கு வேறொருவரிடம் அனுப்புகிறேன். சிகிச்சை தருபவர் நோயாளியின் பக்கம் நிற்பவர், நிற்கவும் வேண்டும். மதிப்பிடுபவர் பக்கம் சாயக் கூடாது. இரண்டு வேலையையும் ஒருவரே செய்தால் இரண்டும் கெடும். "நீங்களே ரெண்டையும் பாத்தா செலவு கம்மியாகுமே" என்றார் கணவர். நியாயமான கேள்விதான். ஆனாலும் முடியாது என்றேன்.

அப்புறம் நான் ஒரு தப்பு செய்தேன். நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 கேள்வித்தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பி, நிரப்பிக்கொண்டு வரச் சொன்னேன். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. வந்தது 24. தூக்கம், பசி, சோர்வு எல்லாம் உச்சத்தில். ஒன்பதாவது கேள்வி, உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு பற்றியது. அதில் 2 போட்டிருந்தார்.

அதைப் பார்த்துவிட்டு யாரும் சும்மா இருக்க முடியாது. அன்றைக்கே தனியாக வரவழைத்து, அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கினேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "அது நான் போடலை டாக்டர்" என்றார். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, கேஸ் ஸ்ட்ராங்காக இருக்கும் என்று சொல்லிப் போட வைத்திருக்கிறார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட அறிகுறிப் பட்டியல் அவர் கைபேசியிலேயே இருந்தது.

ஒன்பது கேள்வியையும் நானே உதாரணம் கேட்டுக் கேட்டுத் திரும்பப் போட்டதில் 16 வந்தது. அதுவும் லேசானது அல்ல, 15 முதல் 19 வரை ஓரளவு கடுமையான மனச்சோர்வு என்றுதான் அர்த்தம். அறிக்கையில் இரண்டு எண்ணையும் எழுதினேன். முதல் தாள் எப்படி நிரப்பப்பட்டது, அப்படி வீட்டுக்கு அனுப்பியது என் பிழை, ஏன் இரண்டாவதை நம்புகிறேன், எல்லாவற்றையும். வக்கீல் போனில் பதறினார், 24-ஐ எடுத்துவிடுங்கள் என்று. எடுக்கவில்லை. குழந்தை வைத்திருக்கும் ஒரு பெண்ணின் பெயரில் பொய்யாக ஒரு தற்கொலை எண்ணம் பதிவானால், அது நாளைக்கு எந்த அலுவலகத்தில், எந்த வழக்கில் எழுந்து வரும் என்று யாருக்குத் தெரியும்?

ஐந்தரை மணி

இரண்டாவது அமர்வு ஒரு புதன்கிழமை மாலை. அவருக்கு ஆங்கிலம் தாய்மொழி மாதிரி, தமிழ் வீட்டுத் தமிழ். ஆங்கிலத்தில் என்ன கேட்டாலும் முதல் பதில் "ஐ'ம் ஃபைன்" என்று சிரித்தபடி வரும். தமிழில் கேட்டால் சிரிப்பு நிற்கும், ஆனால் வார்த்தை கிடைக்காது. "வருத்தமா இருக்கு", "அழுகையா வருது", அதோடு சரி. ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரிந்த அளவுக்குத்தான் துக்கத்துக்கு அவரிடம் தமிழ் இருந்தது. மாமியாரோடு ஐந்து மாதம் இருந்தும் அந்த வீட்டில் ஒருவருக்கும் நிலைமை புரியாததற்குப் பாதிக் காரணம் இதுதான். சிரித்தால் நன்றாக இருக்கிறாள், பேசாவிட்டால் திமிர்.

ஐந்தரைக்கு அவர் கைபேசியில் அலாரம் அடித்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்து, ஜன்னலோரம் போய் வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டார். நியூஜெர்சியில் அப்போது காலை எட்டு. அந்தப் பக்கம் ஒரு நடுங்கும் கை மாத்திரை டப்பாவில் அன்றைய கட்டத்தைத் திறக்கத் தடுமாறியது. "அம்மா, கட்டை விரலால தள்ளு. தள்ளு. ம், அதுதான். தண்ணி குடி. வாயைத் திற, காட்டு." மாத்திரை உள்ளே போனதைப் பார்த்த பிறகுதான் வைத்தார். பார்க்கின்சனுக்கான லெவோடோபா மாத்திரை நேரத்துக்குப் போக வேண்டும், தவறினால் உடம்பு விறைத்துப்போய் எழுந்திருக்கவே முடியாது. நாலு நிமிடம் ஆனது. திரும்பி வந்து உட்கார்ந்து, விட்ட வாக்கியத்தை அப்படியே தொடர்ந்தார்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கேட்டேன். நான்கு. அங்கே காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நான்கு, இரவு எட்டு. இங்கே மாலை ஐந்தரை, இரவு ஒன்பதரை, நடுராத்திரி ஒன்றரை, விடியற்காலை ஐந்தரை. அப்பா இல்லை, கூடப்பிறந்தவர் இல்லை. அரை நாள் வந்துபோகும் ஒரு உதவியாள் மட்டும். அம்மாப்பேட்டை வீட்டுக்குப் பக்கத்தில் விசைத்தறி. இரவு ஒன்பதரை மணிக்குத் தறிச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். எங்கே யாரோடு சண்டை போடுகிறாய் என்று அம்மா கேட்பாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் நிஜமாகச் சிரித்தார்.

தூக்கம் பற்றிய கேள்வியில் அவர் 3 போட்டிருந்தார் அல்லவா? அதில் ஒரு பகுதி மனச்சோர்வு, ஒரு பகுதி ஒன்றரை மணி அலாரம். இதையும் பிரித்து எழுதினேன். நோயைக் குறைத்துக் காட்டுவதுபோல இருக்கிறதே என்றார் வக்கீல். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தூக்கமின்மை என்று எழுதினால் அது ஆயிரம் அறிக்கையில் இருக்கும் சொல். இந்தியாவில் இருந்தால் இந்தப் பெண் ஒவ்வொரு ராத்திரியும் ஒன்றரைக்கு எழ வேண்டும், ஏனென்றால் அங்கே மணி நான்கு, அம்மாவின் மாத்திரை வேளை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஏற்காட்டில் நடந்தது

சர்டிபிகேட்டில் இருந்த பேனிக் டிஸ்ஆர்டர் எங்கிருந்து வந்தது? மனசு மாறட்டும் என்று கணவர் அவரை ஏற்காட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். இருபது கொண்டை ஊசி வளைவு. பாதி வளைவு தாண்டியதும் மூச்சு முட்டி, கை மரத்து, வாந்தி. வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கிறார். மலைப்பாதை பயம், படபடப்பு நோய் என்று முடிவாகிவிட்டது. மாமியார் தன் பங்குக்கு, கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு மந்திரித்துக் கயிறும் கட்டிவிட்டார்.

மேலே போன பிறகு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். ஏரிக்கரைக்குப் போனதும் சரியாகிவிட்டது என்றார். லேடீஸ் சீட்டுக்குப் போய் விளிம்பில் நின்று கீழே சேலத்தைப் பார்த்து போட்டோகூட எடுத்திருக்கிறார். உயரம் பயமாக இருப்பவர் அங்கே நிற்கமாட்டார். சரி, வளைவில் அந்த நேரத்தில் கையில் என்ன வைத்திருந்தீர்கள்? போன். மணி? யோசித்துவிட்டுச் சொன்னார்: ஐந்தரைக்குப் பக்கம். சிக்னல் இல்லை. அதற்கு முந்தைய வாரம்தான் அம்மா குளியலறையில் விழுந்திருந்தார்.

பேனிக் டிஸ்ஆர்டர் என்று சொல்ல, திரும்பத் திரும்ப எதிர்பாராமல் வர வேண்டும், அடுத்தது எப்போது வருமோ என்ற பயம் தொடர வேண்டும். இது ஒரே முறை வந்தது, காரணத்தோடு வந்தது. அந்த நோய்ப்பெயரை நான் நீக்கினேன். பதிலாக அந்தச் சாயங்காலத்தை ஒரு பத்தியில் எழுதினேன், ஆஸ்பத்திரிப் பதிவில் இருந்த விழுந்த தேதியையும் சேர்த்து. மனநோய்களை வகைப்படுத்தும் கையேடான டி.எஸ்.எம்-5-டி.ஆர் படி எஞ்சியது: மீண்டும் வந்த பெரும் மனச்சோர்வு, நடுத்தரத் தீவிரம். 'மீண்டும்' என்பதற்கு ஆதாரம், கணவர் கூட இல்லாமல் நடந்த பிரசவத்துக்குப் பிறகு அவர் நியூஜெர்சியில் எடுத்த ஏழு மாத சிகிச்சைப் பதிவும் மருந்துக்கடை ரசீதுகளும். பதிவு இல்லாமல் வாய்ச்சொல்லாக மட்டும் இருந்திருந்தால் இந்தச் சொல்லைத் துணிந்து எழுதியிருக்கமாட்டேன்.

மனசு விட்டுப்போச்சு

மாமியாரிடம் வாங்கிய வாக்குமூலம் தமிழில் இருந்தது. அந்தத் துறைக்கு எந்த ஆவணம் போனாலும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், பெயர்த்தவர் தனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்று கையெழுத்திட்ட உறுதியும் வேண்டும். சொந்தக்காரப் பையன் ஒருவன் பெயர்த்திருந்தான். 'அம்மா விழுந்ததுல இருந்து பொண்ணுக்கு மனசே விட்டுப்போச்சு' என்று அந்த அம்மா சொன்னதை, புத்தி பேதலித்துவிட்டது என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். தைரியம் போய்விட்டது என்பது பைத்தியம் பிடித்துவிட்டது ஆகிவிட்டது. அறிக்கையில் நான் நடுத்தர மனச்சோர்வு என்று எழுத, கூடவே போகும் தாள் வேறொன்றைச் சொன்னால் இரண்டுமே கெடும். அந்த ஒரு வரிக்காக முழுவதையும் திரும்பப் பெயர்க்க வைத்தோம்.

அறிக்கை 11 பக்கம் வந்தது. முதல் பக்கத்தில் என் தகுதி: எம்.ஃபில் மருத்துவ உளவியல், இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண், அந்தக் கவுன்சில் என்றால் என்ன என்று இரண்டு வரி. அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாதே. இந்தத் தகுதி எல்லாவற்றுக்கும் செல்லாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வயதான பெற்றோருக்கு ஞாபகம் போய்விட்டது, குடியுரிமைத் தேர்விலிருந்து விலக்கு வேண்டும் என்று என்-648 படிவத்தோடு விடுமுறையில் வருபவர்கள் உண்டு. அதில் அமெரிக்காவில் லைசென்ஸ் உள்ளவர்தான் கையெழுத்துப் போட முடியும். சேலத்தில் அலைந்து பயனில்லை.

முடிவுரையில் 'எக்ஸ்ட்ரீம் ஹார்ட்ஷிப்' என்ற சொல்லைப் போடச் சொன்னார் வக்கீல். அது அதிகாரி சொல்ல வேண்டிய சொல், நான் சொல்ல வேண்டியது அல்ல. இரண்டு நிலைமையைத் தனித்தனியாக எழுதினேன். கணவர் இங்கே, மனைவி அங்கே என்று தொடர்ந்தால் என்ன ஆகும். மனைவி குழந்தையோடு சேலத்துக்கே வந்துவிட்டால் என்ன ஆகும். இரண்டாவதற்கு ஊகம் தேவைப்படவில்லை, ஐந்து மாதம் இருந்து பார்த்தாயிற்று. அந்த ஐந்து மாதத்தில் அம்மா இரண்டு முறை விழுந்திருக்கிறார்.

அகதி வழக்குகளில் இந்த எல்லைக்கோடு இன்னும் கூர்மையானது. சேலம் மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருப்பதால் அவ்வப்போது அந்தக் கேள்வியும் என்னிடம் வருகிறது. சித்திரவதைத் தழும்புகளையும் மனக்காயத்தையும் பதிவு செய்ய ஐ.நா. 1999-இல் ஏற்ற இஸ்தான்புல் நெறிமுறை, 2022-இல் திருத்தப்பட்டது. தழும்பு சொன்ன கதையோடு பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, அப்படிப்பட்ட காயத்துக்கே உரியது, வேறெதனாலும் வந்திருக்க முடியாது என்று ஐந்து படி வைத்திருக்கிறது. 2019 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், முதுகில் சூடான கம்பித் தழும்புகளோடு வந்த இலங்கைத் தமிழரைப் பார்த்து, இதை நீயே ஆள் வைத்துப் போட்டுக்கொண்டிருக்கலாமே என்று கீழமை மன்றங்களில் சந்தேகப்பட்டிருந்தார்கள். அந்த முடிவை நீதிமன்றம் ரத்து செய்து, வழக்கை மறு விசாரணைக்கு அனுப்பியது. காயம் சொன்ன கதையோடு எவ்வளவு பொருந்துகிறது என்று மருத்துவர் கருத்துச் சொல்லலாம் என்றது. அவர் உண்மை சொல்கிறாரா என்று முடிவு கட்டுவது மட்டும் மருத்துவரின் வேலை அல்ல. நானும் பொருந்துகிறது என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டேன்.

கெடுவுக்கு எட்டு நாள் முன்னால் எல்லாம் போய்ச் சேர்ந்தது. பல மாதம் கழித்து விலக்கு கிடைத்தது, அப்புறம் மும்பையில் விசா. ஏற்றுக்கொண்டோம் என்று வரும் தாளில் காரணம் எழுதமாட்டார்கள். என் 11 பக்கத்துக்கு அதில் எவ்வளவு பங்கு, ஆஸ்பத்திரிப் பதிவுகளுக்கு எவ்வளவு என்று சொல்ல வழியில்லை. கணவர் வந்து ஒரு பெட்டி மல்கோவா வைத்துவிட்டுப் போனார்.

அவர் கிளம்பி ஆறு வாரம் கழித்து அந்த அம்மா தனியாக வந்தார், பஸ்ஸில். தூக்கம் வரவில்லை, வீட்டில் ஆள் இல்லாமல் தறிச் சத்தம் மட்டும் கேட்கிறது என்றார். சர்க்கரை ஊசி தினமும் மகன்தான் போட்டுவிடுவாராம். இப்போது பக்கத்து வீட்டுப் பெண் ஞாபகம் வந்தால் போடுகிறாள். இவருக்காக எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இருக்கவில்லை, என் அறிக்கையிலும் இவர் ஒரு வாக்குமூலம்தான். புதிதாக ஒரு ஃபைல் போட்டேன், இந்த முறை சிகிச்சைக்கு.

"போன்ல அலாரம் வெச்சுக்கோங்கம்மா" என்றேன். வைக்கத் தெரியாது என்றார். வாங்கிக் காலை ஏழரைக்கு ஒன்று, ராத்திரி ஏழரைக்கு ஒன்று வைத்துக் கொடுத்தேன்.